மயஸ்தீனியாவுக்கும் தைமஸ் கட்டிக்கும் வைரஸ் காரணமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்காவுக்கு மயஸ்தீனியா கிராவிஸ் இருப்பது தெரிந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. நோய் வருவதற்கு மூன்று வாரம் முன்பு வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். பள்ளியிலிருந்து அதைக் கொண்டுவந்தவன் அவளுடைய மகன். பெயர் தெரியாத அந்தக் காய்ச்சல்தான் எல்லாவற்றுக்கும் காரணமா என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நான் உயிரியல் ஆசிரியை, மருத்துவர் அல்ல. அன்றிலிருந்து இதைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். இந்த நோய் உள்ளவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, மாற்றுவது எதுவானாலும் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் பேசிய பிறகுதான்.

மயஸ்தீனியா கிராவிஸ் என்றால் என்ன?

பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை தளர்ந்துபோகும் நோய். அக்கா காலையில் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவாள். மதியத்துக்குமேல் இடது இமை தானாக இறங்கும், எழுத்து இரண்டிரண்டாகத் தெரியும். இரண்டு இட்லி வரை மெல்ல முடியும். மூன்றாவதற்குத் தாடையை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொள்வாள். ஓய்வெடுத்தால் பலம் திரும்பும். காலையில் நலம், மாலையில் தளர்ச்சி என்ற இந்த ஏற்ற இறக்கத்தால்தான் பலர் பல மாதங்கள் "மனச்சோர்வு" என்ற பெயரில் தவறான சிகிச்சை பெறுகிறார்கள்.

இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-லேயே இப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். நீண்ட நேரம் பேசினால் அவர் மீனைப் போல ஊமையாகிவிடுவாராம். ஓரிரு மணி நேரம் கழித்தே குரல் திரும்புமாம். 1895-இல் பெர்லினில் ஃபிரெட்ரிக் யோலி இதற்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற பெயரைக் கொடுத்தார்.

நடப்பது இதுதான். நரம்பின் நுனி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் தசையின் மேல் இருக்கின்றன. இந்நோயில் உடல் அந்த ஏற்பிகளையே பகையாக எண்ணி எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. உடல் முழுவதும் தளர்ச்சி உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேரின் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருளைக் காணலாம். மற்றவர்களில் சிலரிடம் மஸ்க் என்ற வேறொரு புரதத்துக்கு எதிரானது இருக்கும்.

இது உடலே உடலைத் தாக்குவது என்று எப்படித் தெரிந்தது?

இதில் ஒரு பாம்புக்கும் ஒரு மீனுக்கும் பங்கு உண்டு. கட்டுவிரியன் கடித்தவருக்கு இமை தொங்கும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தைவானில் வாழும் கட்டுவிரியன் இனம் ஒன்றின் நஞ்சில் உள்ள ஒரு பொருள், தசையின் அசிட்டைல்கோலின் ஏற்பியைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது. அதை அடையாளமாக வைத்து ஏற்பிகளை எண்ணிப் பார்த்தபோது, மயஸ்தீனியா உள்ளவர்களின் தசையில் அவை வெகுவாகக் குறைந்திருந்தன. அதே 1973-இல் அமெரிக்காவில் ஜிம் பேட்ரிக்கும் ஜான் லிண்ட்ஸ்ட்ரோமும் மின்விலாங்கு மீனிலிருந்து பிரித்த ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தினார்கள். முயல்கள் அதற்கு எதிர்ப்பொருள் உருவாக்கின, தளர்ந்து விழுந்தன. நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் எழுந்துகொண்டன.

தைமஸ் எங்கே இருக்கிறது? அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே முன்பக்கமாக இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயதாக ஆகக் கொழுப்பாக மாறிச் சுருங்கிவிடும்.

டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் பாடம் கற்கும் இடம் அது. உடலின் பல்வேறு பாகங்களில் உள்ள புரதங்களை தைமஸின் செல்கள் அங்கேயே சிறிதளவு தயாரித்துக் காட்டுகின்றன. தன் உடலின் புரதத்தைக் கண்டு சீறும் டி செல்லுக்கு வெளியே செல்ல அனுமதி கிடையாது, அங்கேயே அழிக்கப்படும். ஏர் என்ற மரபணு இந்த வேலையை நடத்துகிறது. தசையின் அசிட்டைல்கோலின் ஏற்பியும் இப்படி தைமஸுக்குள் காட்டப்படுகிறது. தசையைப் போன்ற செல்களே அங்கே சில இருக்கின்றன. நோய்க்கான இலக்கும் நோயெதிர்ப்புச் செல்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடம் தைமஸ் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கேள்விகளும் இங்கேதான் வந்து நிற்கும்.

மயஸ்தீனியாவில் தைமஸ் இரண்டு விதமாகக் கெடுகிறது. இளம் வயதில், பெரும்பாலும் பெண்களுக்கு, தைமஸ் வீங்கிச் செயல்படுகிறது. அதற்குள் முளைமையங்கள் என்ற அமைப்புகள் தோன்றுகின்றன. எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்கள் பயிற்சி பெறும் பட்டறைகள் அவை. தொற்று வந்தால் நிணநீர் முடிச்சுகளில் அவை உருவாவது இயல்பு. தைமஸில் இவ்வளவு உருவாவது இயல்பல்ல. இரண்டாவது வகை, தைமோமா என்ற கட்டி.

தைமோமா புற்றுநோயா?

ஆம், பெரும்பாலும் மெதுவாக வளரும் வகை. தைமஸின் மேலுறைச் செல்களிலிருந்து எழுகிறது. மயஸ்தீனியா உள்ளவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு தைமோமா இருக்கும். தைமோமா உள்ளவர்களைக் கணக்கெடுத்தால் மூன்றில் ஒருவருக்காவது மயஸ்தீனியா இருக்கும். அதனால்தான் நோய் உறுதியானதும் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். தள்ளிப்போடாதீர்கள்.

வைரஸ் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர்களில் ஒருவருக்கு மயஸ்தீனியா வந்தால், மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இணைகளில்தான். மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் மூன்றில் இரண்டு பங்குக்கு வருவதில்லை. ஆக, வெளியிலிருந்து வரும் ஏதோ ஒன்றும் சேர வேண்டியிருக்கிறது. தைமஸில் தொற்றுக்கால அமைப்புகள் காணப்படுவதும், காய்ச்சலுக்குப் பிறகு நோய் தொடங்கியதாகப் பலர் சொல்வதும் சேர்ந்து ஆய்வாளர்களின் கண்ணை வைரஸ் பக்கம் திருப்பின. இன்றுவரை எந்த ஒரு வைரஸும் மயஸ்தீனியாவுக்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. இதை நடுவிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் கடைசிவரை படிப்பதில்லை.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் மீதுதான் அதிகச் சந்தேகம் என்கிறார்களே?

உண்மை. 1964-இல் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வரும் ஒரு நிணநீர்ப் புற்றுநோயில் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ் இது. உலகில் வயதுவந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் இது குடியிருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குச் சிறு வயதில் வந்த இடம் தெரியாமல் வந்திருக்கும். ஒருமுறை நுழைந்தால் வெளியேறாது. பி செல்களுக்குள்ளேயே உறங்கிக் கிடக்கும். அவ்வப்போது விழித்துக்கொள்ளும். பி செல்லைச் சாகவிடாமல் காக்கவும் அதற்குத் தெரியும். எதிர்ப்பொருளால் வரும் ஒரு நோயில், எதிர்ப்பொருள் உற்பத்தி செய்யும் செல்லுக்குள்ளேயே வாழும் வைரஸைச் சந்தேகிக்காமல் இருக்க முடியுமா?

2010-இல் இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள், அறுவை செய்து எடுத்த மயஸ்தீனியா தைமஸ்களில் இந்த வைரஸின் தடயங்களைக் கண்டதாக வெளியிட்டார்கள். உறங்கும் நிலையின் தடயமும் இருந்தது, விழித்த நிலையின் தடயமும் இருந்தது. அதைப் படித்த நாளில், காரணம் அகப்பட்டுவிட்டது என்றே நம்பினேன். ஆனால் அடுத்த ஆண்டே வேறு ஆய்வுக்குழுக்கள் அதே விதமான தைமஸ்களில் தேடி, குறிப்பிடும்படி எதையும் காணவில்லை என்று எழுதின. சோதனை முறை வேறு, திசுவைப் பதப்படுத்திய விதம் வேறு. கேள்வி இன்னும் தீரவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மயஸ்தீனியா தைமஸில் பி செல்கள் குவிந்து கிடக்கின்றன. அந்த வைரஸ் வாழ்வதோ பி செல்லில். பி செல்கள் கூடும் இடத்தில் வைரஸும் கூடத்தானே செய்யும்? அதைக் காரணம் என்பதா, விளைவு என்பதா?

எப்படிப்பட்ட ஆதாரம் இருந்தால் நம்பலாம் என்பதற்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயைப் பாருங்கள். 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடி பேரின் இருபதாண்டுக்காலப் பதிவுகளை எடுத்துக்கொண்டது. சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைக் கொண்டு, இந்த வைரஸ் புதிதாகத் தொற்றிய பிறகு அந்நோய் வரும் ஆபத்து 32 மடங்கு கூடியதை அது காட்டியது. தொற்று முன்னே, நோய் பின்னே என்ற வரிசை அங்கே தெளிவாகத் தெரிந்தது. மயஸ்தீனியாவுக்கு இப்படி ஒரு சான்று இல்லை.

வைரஸ் கிடைக்காவிட்டால் வைரஸுக்குப் பங்கே இல்லை என்று ஆகுமா?

ஆகாது. எனக்கு மிகவும் நம்பத்தக்கதாகப் படும் விளக்கம் இங்கேதான் இருக்கிறது.

வைரஸ் நுழைந்ததும் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருளைச் சுரக்கும். மயஸ்தீனியா தைமஸில், குறிப்பாக தைமோமாவில், இந்த எச்சரிக்கை ஓயாமல் ஒலித்துக்கொண்டிருப்பதைப் பாரிஸ் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 2013-இல் வெளியான அவர்களுடைய சோதனையில் உயிருள்ள வைரஸ் எதுவும் கிடையாது. வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் போலத் தோற்றமளிக்கும் ஒரு செயற்கை மூலக்கூறு மட்டுமே. அதை தைமஸ் செல்களோடு சேர்த்தபோது அவை இன்டர்ஃபெரான் சுரந்தன. கூடவே அசிட்டைல்கோலின் ஏற்பியின் ஒரு பகுதியையும் வழக்கத்துக்குமேல் தயாரிக்கத் தொடங்கின. உடலின் பிற புரதங்களில் இப்படிப் பெருக்கம் காணப்படவில்லை. அந்த மூலக்கூறைத் தொடர்ந்து செலுத்திய எலிகளின் ரத்தத்தில் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள்களே தோன்றின.

அதாவது, ஆபத்து மணி ஒலிக்கும் நேரத்தில் தசை ஏற்பியைக் கைநிறையக் காட்டினால், பக்கத்திலிருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் அதையே பகை என்று படித்துக்கொள்கின்றன. இதற்கு எந்த வைரஸ் என்பது முக்கியமில்லை. பல வைரஸ்கள் அதே மணியை அடிக்க வல்லவை. அடித்த வைரஸ் சில வாரங்களில் போய்விடலாம். பல ஆண்டு கழித்து தைமஸை அறுத்து எடுத்துத் தேடினால் எச்சரிக்கை மட்டும் மிஞ்சியிருக்கும், வைரஸ் இருக்காது. ஒரு வைரஸைப் பிடித்து நிறுத்த முடியாமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

மனிதரிடமும் இதற்கு ஒரு சான்று உண்டு. ஹெபடைட்டிஸ் சி-க்கு முன்பு இன்டர்ஃபெரானையே ஊசி மருந்தாகக் கொடுத்தார்கள். அப்படி எடுத்துக்கொண்டவர்களில் சிலருக்கு, எண்ணிக்கையில் மிகக் குறைவுதான், மயஸ்தீனியா புதிதாகத் தோன்றியது.

தைமஸ் கட்டிக்கு வைரஸ் காரணமாகுமா?

எலிகளில் ஆகும். 1950-களில் கண்டுபிடிக்கப்பட்ட எலிப் பாலியோமா வைரஸின் பெயருக்கே பல கட்டிகள் என்று பொருள். அதன் சில வகைகள் எலியின் தைமஸில் கட்டியை உண்டாக்குகின்றன. மனிதருக்கும் பாலியோமா வைரஸ்கள் பல உண்டு. அவற்றில் ஒன்று மெர்கல் செல் என்ற அரிய தோல் புற்றுநோயில் 2008-இல் அகப்பட்டது. எனவே 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தைமோமாக்களில் தேடி, 37-இல் 23 கட்டிகளில் மனிதப் பாலியோமா வைரஸ் 7 இருப்பதாக எழுதியபோது பரபரப்பு எழுந்தது நியாயமே. ஆனால் அந்த வைரஸ் நலமாக இருக்கும் பலரின் தோலிலும் வாழ்கிறது. கட்டியில் இருப்பது வேறு, கட்டியை உண்டாக்கியது வேறு.

வேறு திசையிலிருந்தும் ஒரு செய்தி உண்டு. 2014-இல் தைமோமாக்களில் ஜிடிஎஃப்2ஐ என்ற மரபணுவில், ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாறியிருப்பது தெரியவந்தது. தைமோமாவின் ஏ, ஏபி என்ற இரு வகைகளில் பெரும்பாலான கட்டிகளில் இந்த மாற்றம் இருக்கிறது. அந்த வகைகளுக்காவது வைரஸைத் தேடி அலைய வேண்டிய தேவை குறைகிறது என்பது என் கருத்து. தைமஸில் வரும் புற்றுநோய்களில் எப்ஸ்டீன்-பார் வைரஸோடு உறுதியான தொடர்புள்ள ஓர் அரிய வகை உண்டு. 1985-இலேயே அது தெரியும். அது தைமோமா அல்ல, தைமஸ் கார்சினோமா. மயஸ்தீனியா அதோடு வருவது அபூர்வம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தைமோமா உள்ள பலரின் உடல், இன்டர்ஃபெரானுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உருவாக்கிவிடுகிறது. கட்டிக்குள் ஏர் மரபணு சரியாக வேலை செய்யாததால், பாடம் சரியாகக் கற்காத டி செல்கள் வெளியேறுவதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. சிலருக்குக் கட்டியோடு எதிர்ப்பொருள் உற்பத்தியே குன்றிவிடும். ராபர்ட் குட் 1954-இல் விவரித்ததால் அது குட் நோய்த்தொகுப்பு எனப்படுகிறது. இப்படிப்பட்டவரின் உடலில் வைரஸ்கள் எளிதாகத் தங்கும். ஆகவே கட்டியில் வைரஸைக் கண்டால், வைரஸால் கட்டி வந்ததா, கட்டியால் வைரஸ் வந்ததா என்று இரண்டு பக்கமும் கேட்டே தீர வேண்டும்.

வெஸ்ட் நைல், கோவிட் பற்றி?

வெஸ்ட் நைல் காய்ச்சல் கொசுவால் பரவுவது, கேரளத்திலும் உண்டு. அது வந்து சில மாதங்களில் மயஸ்தீனியா தோன்றிய ஆறு பேரை அமெரிக்க மருத்துவர்கள் 2014-இல் பதிவுசெய்தார்கள். கோவிட் வந்த சில நாட்களில் நோய் தொடங்கிய மூவரை இத்தாலிய மருத்துவர்கள் 2020-இல் பதிவுசெய்தார்கள். இவை கவனிக்கத்தக்கவை, ஆனால் தனித்தனி நிகழ்வுகள். கோடிக்கணக்கானோருக்குத் தொற்றிய ஒரு காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு ஏதேனும் நோய் தொடங்குவது தற்செயலாகவும் நடக்கும்.

வைரஸின் புரதமும் நம் ஏற்பியும் சிறு பகுதியில் ஒத்திருப்பதால் ஆள்மாறாட்டம் நிகழ்கிறது என்ற விளக்கமும் இருக்கிறது. ஹெர்பிஸ் வைரஸ் புரதம் ஒன்றில் அப்படி ஓர் ஒற்றுமை உண்டு. நோயின் தொடக்கத்தை அது மட்டும் விளக்கிவிடாது.

மயஸ்தீனியா ஒட்டிக்கொள்ளுமா? பிள்ளைகளுக்கு வருமா?

ஒட்டாது. தட்டு, தம்ளர், படுக்கை எதையும் தனியாக வைக்கத் தேவையில்லை. அப்படி வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், வேதனையாக இருந்தது. கருவுற்ற தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், பிறந்தவுடன் சில வாரங்கள் பால் குடிக்கத் திணறுவது சில குழந்தைகளுக்கு நேரும். அந்த எதிர்ப்பொருள் கரைந்ததும் சரியாகிவிடும். எனவே பிரசவத்தைப் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோய்க்கு முன் வீட்டுக்கு வந்த காய்ச்சல்தான் காரணமா?

அக்காவின் கேள்வி இது. தைமஸில் முளைமையங்கள் உருவாகி, எதிர்ப்பொருள் திரண்டு, தாங்கும் அளவைத் தாண்டி ஏற்பிகள் அழிந்த பிறகே இமை இறங்குகிறது. இது மூன்று வாரத்தில் முடியும் வேலையாக எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலும் நோய் ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கும். காய்ச்சல் அதை வெளியே காட்டியிருக்கும். எந்தத் தொற்றும் மயஸ்தீனியாவின் தளர்ச்சியைக் கூட்டும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அக்காவின் மகனுக்கு இப்போது பதினாறு வயது. அம்மாவுக்குத் தன்னால்தான் நோய் வந்தது என்று அவன் பல ஆண்டுகள் மனதில் வைத்திருந்தது எங்களுக்குப் போன வருடம்தான் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி இருந்தால், இன்றே உட்காரவைத்துப் பேசுங்கள்.

வைரஸ் எதிர்ப்பு மருந்து சாப்பிட்டால் குணமாகுமா?

அப்படி நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. தளர்ச்சியைத் தற்காலிகமாகக் குறைக்கும் பைரிடோஸ்டிக்மின், ஸ்டீராய்டு, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள், தேவைப்பட்டால் தைமஸை அகற்றும் அறுவை சிகிச்சை ஆகியவை முக்கிய வழிகள். கட்டி இருந்தால் அகற்றியாக வேண்டும். கட்டி இல்லாதவர்களுக்கும் அறுவை பயன்படுமா என்ற நெடுங்காலக் கேள்விக்கு 2016-இல் 126 பேரை வைத்து நடந்த சோதனை பதில் தந்தது. மூன்றாண்டு முடிவில், தைமஸை அகற்றிக்கொண்டவர்களின் பலம் கூடுதலாகவும் ஸ்டீராய்டு தேவை குறைவாகவும் இருந்தன. அந்தச் சோதனை ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் உள்ளவர்களிடம் மட்டுமே நடந்தது.

தடுப்பூசி போடலாமா?

இன்ஃபுளுவென்சா, நிமோகாக்கஸ் போன்ற உயிரற்ற தடுப்பூசிகளைப் பொதுவாகப் பரிந்துரைக்கவே செய்கிறார்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் உயிருள்ள தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் தனிக் கவனம் தேவை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதைப் போட்டே ஆக வேண்டும். ஆனால் தைமோமாவுக்காக தைமஸை இழந்த சிலருக்கு, அந்தத் தடுப்பூசியில் உள்ள வலுக்குறைந்த வைரஸே உள்ளுறுப்புகளில் பெருகி உயிராபத்தை உண்டாக்கியிருக்கிறது. தைமஸ் கோளாறோடு சேர்ந்த மயஸ்தீனியா, தைமோமா, தைமஸ் அகற்றிய வரலாறு எதுவாக இருந்தாலும், ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். விலக்குச் சான்றிதழ் வாங்க வழி உண்டு.

சளியும் காய்ச்சலும் வந்தால் என்ன செய்வது?

எந்த வைரஸ் நோயைத் தொடங்கியது என்பது ஆய்வாளர்களின் கேள்வி. இன்று வந்த காய்ச்சல் மூச்சை அடைக்குமா என்பது நம் கேள்வி. மயஸ்தீனியா நெருக்கடி எனப்படும் மூச்சுத் தளர்ச்சிக்கு மிகச் சாதாரணமான காரணம் தொற்றுதான். வழக்கமான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். சளிக்கு நம் ஊரில் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் அசித்ரோமைசின், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் சிப்ரோஃபிளாக்சசின், ஊசியாகப் போடும் ஜென்டாமைசின் மூன்றுமே இந்த நோயில் தளர்ச்சியைக் கூட்டக்கூடியவை. இவற்றின் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அக்கா பர்சிலேயே வைத்திருக்கிறாள். விழுங்க முடியவில்லை, எச்சில் தேங்குகிறது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலை நிற்கவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அக்காவின் மருத்துவர் ஓர் எளிய பழக்கம் சொல்லித் தந்தார். முழு மூச்சு இழுத்து, அந்த ஒரே மூச்சில் சத்தமாக எண்ண வேண்டும். நல்ல நாளில் அக்கா நாற்பதைத் தொடுவாள். காய்ச்சல் நாட்களில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து காலையும் இரவும் எண்ணச் சொல்லி நோட்டில் குறித்துக்கொள்கிறான். இருபத்தைந்துக்குக் கீழே இறங்கினால் போன் செய்ய வேண்டும், இருபதைத் தாண்ட முடியாவிட்டால் போன் செய்யாமல் நேரே புறப்பட வேண்டும் என்று நோட்டின் அட்டையில் அவனே எழுதி வைத்திருக்கிறான்.